மூன்றாம் பிரதியின் கீழ்வலது மூலை

அனுப்புநர்:
ம. பாத்திமா நஸ்லியா,
இறுதியாண்டு, நூல் வடிவமைப்புப் பிரிவு,
சுட்டெண்: காக/21/037,
7ஆம் கட்டை, மாத்தளை வீதி, அக்குறணை.

பெறுநர்:
உதவிப் பதிவாளர் (பரீட்சைகள்) அவர்கள்,
மலைநாட்டுக் காண்பியக் கலை நிறுவகம்,
கண்டி.

ஊடாக:
துறைத் தலைவர், நூல் வடிவமைப்புப் பிரிவு.

விடயம்: எனது ஆய்வேட்டின் மூன்று பிரதிகளும் ஒரே மாதிரி இல்லாமை, அதில் குரங்கு ஒன்றின் பங்கு, அதில் எனது பங்கு.

(தங்களது 2025.08.29ஆந் திகதிக் கடிதம் தொடர்பானது.)

மதிப்புக்குரிய ஐயா,

1. தங்கள் கடிதம் கிடைத்தது. நான்கு வரிகள். நான்காவது வரியின்படி, ஆய்வேட்டின் முதலாம், இரண்டாம் பிரதிகளை "பரீட்சகர் அங்கீகரித்த மூன்றாம் பிரதிக்கு எல்லா வகையிலும் அமைவாக" நான் செப்டெம்பர் 19க்கு முன்னர் மாற்ற வேண்டும். தவறினால் சித்தியடைந்தோர் பட்டியலில் எனது பெயர் இராது. மூன்றாம் பிரதியைக் குரங்கு கடித்தது. ஆகவே மற்ற இரண்டும் கடிக்கப்பட வேண்டும். முயன்றேன். முடியவில்லை. அதைத் தெரிவிக்கவே எழுதுகிறேன்.

2. முதலில் நூலைப் பற்றி. "தின்ற பின் வாசித்தவை: கண்டி நகரத் தின்பண்டப் பைகளில் எழுத்தும் வடிவமும்." வடையும் கடலையும் போட்டுத் தரும் கடதாசிப் பைகளைத் தாங்கள் அறிவீர்கள். பழைய அப்பியாசக் கொப்பி, விடைத்தாள், அலுவலகப் படிவம் ஆகியவற்றை மடித்து ஒட்டியவை. தின்று முடித்ததும் வாசிக்கலாம். எப்போதும் நடுவிலிருந்து தொடங்கும். முடியுமுன் கிழிந்திருக்கும். முதலாம் ஆண்டில் பஸ் நிலையத்தில் எனக்குக் கிடைத்த பையில் யாரோ ஒரு பிள்ளையின் கட்டுரை இருந்தது. "எனது எதிர்கால இலட்சியம் ஒரு". அதற்கு மேல் பசை. மீதியைத் தேடி அதே வடைக்காரரிடம் பதினொரு நாட்கள் வடை வாங்கினேன். கிடைக்கவில்லை. ஆய்வு அப்படித்தான் தொடங்கியது.

3. மட்டைகளை உண்மையான, பாவித்த பைகளால் செய்தேன். எண்ணெய்க் கறையுடன். அக்குறணையில் நூல் கட்டும் ஜனாப் மஹ்மூத் அவற்றைத் தொடவே தயங்கினார். நல்ல ரெக்சின் இருப்பதாகவும், பொன் எழுத்தில் பெயர் போட்டுத் தருவதாகவும், உம்மா பார்த்தால் சந்தோஷப்படுவார் என்றும் சொன்னார். பின்னர் கட்டித் தந்தார். மிக நன்றாகக் கட்டினார். இதில் அவருக்கு எக்குற்றமும் இல்லை.

4. பக்க எண்கள். இதுவே முக்கியம். எனது முதல் வடிவமைப்பில் பக்க எண்கள் இருக்கவில்லை. பைகளுக்கு எண் இல்லை; நூலுக்கும் வேண்டாம் என்று எண்ணினேன். மேற்பார்வையாளர் திரு. கிளின்ரன் அம்புறோஸ் அதை ஏற்கவில்லை. வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும், "நம்பர் இல்லாம நான் எப்படித் திருத்துறது? வடைக்கு அடுத்த பக்கம்னு எழுதவா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று மாலையே எண்களை இட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் கீழே, வெளி ஓரத்தில். சாம்பல் நிறத்தில். மிகச் சிறிதாக. வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை.

5. கையளிக்கும் கடைசித் தினம் ஜூன் 30. தங்கள் கிளையின் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் எழுதுவினைஞர் செல்வி ஷிராணி. எனக்குப் பின்னால் உடவத்தைக் காடு. அவர் மூன்று பிரதிகளிலும் முத்திரை குத்தினார். நான் பதிவேட்டில் கையொப்பமிடக் குனிந்தேன். மூன்றாம் பிரதி ஜன்னல் விளிம்பில் இருந்தது. நிமிர்ந்தபோது தண்ணீர்த் தாங்கியின் மேல் இருந்தது.

6. மேற்படி குரங்கின் இடது காதில் ஒரு வெட்டு உண்டு. அது நூலை மோந்தது. திருப்பியது. மறுபடி மோந்தது. கீழ்வலது மூலையில் ஒரேயொரு கடி. நிதானமாக மென்றது. பிறகு நூலை நடைபாதையில் எறிந்துவிட்டு, வேறு வேலை உள்ளதுபோல் போய்விட்டது. தொண்ணூற்றாறு பக்க நூலில் முதல் அறுபத்திரண்டு பக்கங்களின் எண்கள் அந்த ஒரு கடியில் போயின. நான் நூலை எடுத்துக்கொண்டு அழுதேன் என்று செல்வி ஷிராணி பிறரிடம் கூறியிருக்கிறார். தூசி துடைத்தேன். அழவும் செய்தேன். அவர் ஆறுதலாகச் சொன்னது: "சீல் குத்தியாச்சு தங்கச்சி. குத்தின பொறகு கடிச்சா அது ஆபீசுப் பொறுப்பு. வச்சிட்டுப் போங்க." வைத்துவிட்டுப் போனேன்.

7. மூன்று பிரதிகளின் அடுக்கில் மேலே இருந்தது மூன்றாம் பிரதி. ஆகவே கொழும்பிலுள்ள வெளிப் பரீட்சகருக்கு அதுவே சென்றது. அவரது அறிக்கையிலிருந்து: "முதல் அறுபத்திரண்டு பக்கங்களுக்கு எண் இல்லை. பின்னர் திடீரென 63. எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதை வாசகர் அப்போதுதான் உணர்கிறார். பொருளடக்கம் 44ஆம் பக்கத்துக்குப் போகச் சொல்கிறது. அப்படியொரு பக்கம் இல்லை. தின்பண்டப் பையை வாசிப்பவரின் நிலையும் இதுவே. மூலை பற்றிய முடிவு, இவ்வாண்டு நான் கண்ட மிகத் துணிச்சலான வடிவமைப்பு முடிவு." புள்ளி 74. முதலாம் வகுப்புக்கு 70 வேண்டும்.

8. அடுத்து வருவது தங்கள் கோப்பில் இல்லாதது. வாய்மொழிப் பரீட்சையில் அவர் அந்த மூலையை விரலால் தடவியபடி, "இத நீங்களா முடிவு செஞ்சீங்க?" என்று கேட்டார். "கன நாளா யோசிச்சேன்" என்று பதில் சொன்னேன். எண்களைப் பற்றி அது உண்மை. மூலையைப் பற்றி அல்ல. அவர் கேட்டது மூலையைப் பற்றி. திரு. அம்புறோஸ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேசையை.

9. தங்கள் கடிதத்துக்குக் கட்டுப்பட்டு நான் எடுத்த முயற்சிகள் வருமாறு. பரிசோதனைகள் கழிவுத் தாள்களிலேயே செய்யப்பட்டன.

ஜனாப் மஹ்மூத்தின் வெட்டும் இயந்திரம். வெட்டு நேராக வந்தது. செல்வி ஷிராணி அதை மூன்றாம் பிரதியின் மேல் வைத்துப் பார்த்து, சரியில்லை என்றார். "மூணும் ஒண்ணு போல இருக்கணும். இது கேக் வெட்டின மாதிரி இருக்கு."

கத்தரிக்கோல். கடித்த ஓரத்தைப் பிரதிசெய்து, கோட்டின் வழியே வெட்டினேன். இலங்கையின் கிழக்குக் கரைபோல் வந்தது.

எனது பற்கள். நான்கு தாள்களுக்கு மேல் இயலவில்லை. குரங்கு ஒரே கடியில் முப்பத்தொரு தாள்களையும் மட்டையையும் கடந்திருக்கிறது. எனக்கு அந்தத் தீர்மானம் போதாது.

மட்பாண்டப் பிரிவு மாணவி இல்மா களிமண்ணில் ஒரு தாடை செய்து, சூளையில் சுட்டுத் தந்தார். அழகான தாடை. அவருக்கு அதற்கு வேறாகப் புள்ளி கிடைத்தது. கடித்த இடம் பிஸ்கட்டின் ஓரம்போல் இருந்தது.

மறுபடியும் ஜனாப் மஹ்மூத். வேறு வழி ஏதும் உண்டா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "நாப்பது வருஷமா கட்டுறேன் மகள். கிழிஞ்சதக் கொண்டு வந்தீக்கிறாங்க, நனஞ்சதக் கொண்டு வந்தீக்கிறாங்க. கடிச்சிக் குடுங்கன்னு ஒத்தரும் வந்தில்ல."

10. இறுதியாக, செப்டெம்பர் 8, 9, 10ஆந் திகதிகளில் காலை எட்டு மணிமுதல் முதலாம், இரண்டாம் பிரதிகளை அதே ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, குனிந்து, கையொப்பமிடுவதுபோல் பாவனை செய்தேன். முதல் நாள் குரங்கு வரவில்லை. இரண்டாம் நாள் வந்து இல்மாவின் சோற்றுப் பார்சலைக் கொண்டுபோனது. மூலையில் பருப்பு வடையைத் தேய்க்குமாறு செல்வி ஷிராணி ஆலோசனை கூறினார். ஆய்வு ஒழுக்கநெறி கருதி மறுத்தேன். மூன்றாம் நாள் மறுக்கவில்லை. அதே குரங்கு. வெட்டுக் காது. முதலாம் பிரதியை மோந்தது. இரண்டாம் பிரதியை மோந்தது. வடை தேய்த்த இடங்களை நக்கியது. இரண்டையும் விளிம்பிலேயே, கிட்டத்தட்ட நேராக, வைத்துவிட்டுச் சென்றது. அது கடிக்கவில்லை.

11. அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் காரணம் விளங்கியது. முதலாம் பிரதியின் மட்டை கடலைப் பை. யாரோ ஒருவரின் கணித விடைத்தாள். இரண்டாம் பிரதியினுடையது சோளப் பை. விடுமுறை விண்ணப்பப் படிவம். மூன்றாம் பிரதி இறால் வடைப் பை. பை இரண்டு ஒரே மாதிரிக் கிடைப்பதில்லை, ஐயா. எனது மூன்று பிரதிகளும் ஒருநாளும் ஒரே மாதிரி இருந்ததில்லை. நான் வடிவமைத்தேன், கவனிக்கவில்லை. மேற்பார்வையாளர் கையொப்பமிட்டார். தங்கள் கிளை முத்திரை குத்தியது. மூன்றும் வெவ்வேறு என்று கண்டுகொண்டது அந்தக் குரங்கு ஒன்றே.

12. ஆகவே பின்வருவனவற்றைப் பணிவுடன் கோருகிறேன்.

(அ) மூன்று பிரதிகளையும் இப்போதிருக்கும் நிலையிலேயே, ஒன்றில் கடியுடனும் இரண்டில் கடியின்றியும், ஏற்றுக்கொள்ள வேண்டும். கையால் செய்தவை அவை. பத்திரிகையல்ல.

(ஆ) மூலை பற்றிய முடிவு என்னுடையதல்ல என்பதை வெளிப் பரீட்சகருக்கு அறிவிக்க வேண்டும். எழுத்தில். நேரில் ஒருமுறை சொல்லத் தவறிவிட்டேன். அதன்பின் புள்ளி குறைந்தால் குறையட்டும். திரு. அம்புறோஸின் கணிப்பில் 68 வரும். முதலாம் வகுப்பு கிடைக்காது. உம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

(இ) எனினும் எண்கள் வேண்டாம் என்று முதலில் எண்ணியவள் நான். எண்ணியதைச் செய்யும் துணிவு எனக்கு இருக்கவில்லை. குரங்குக்கு இருந்தது. இவ்விரு தகவல்களையும் ஒரே கோப்பில், அடுத்தடுத்து, வைத்தால் போதும்.

(ஈ) பட்டியலில் எனது பெயர் வர வேண்டும். எந்த வகுப்பிலாயினும். இதையே முதலில் எழுதியிருக்க வேண்டும்.

13. தாங்கள் இவற்றை ஏற்க இயலாதவிடத்து, கடித்தலை மேற்பார்வை செய்யத் தங்கள் கிளையிலிருந்து ஓர் உத்தியோகத்தரை நியமிக்குமாறு வேண்டுகிறேன். இறால் வடை நான் கொண்டுவருவேன்.

14. விதிப்படி இம்மனுவின் மூன்று பிரதிகள் கையளிக்கப்படுகின்றன. மூன்றும் ஒரே மாதிரி உள்ளன. செல்வி ஷிராணி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இம்முறை ஜன்னலால் அல்ல, கதவால் வந்து தந்தேன்.

15. இம்மனுவின் பக்கங்களுக்கு எண் இடப்படவில்லை. துறைத் தலைவர் இடச் சொன்னார். மறுத்துவிட்டேன். இது எனது முடிவு.

தங்கள் நல்ல பதிலை எதிர்பார்த்து, 19ஆந் திகதிவரை தினமும் தபாற்காரருக்குக் காத்திருக்கும்,

ம. பா. நஸ்லியா
(ஒப்பம்)

இடம்: கண்டி
திகதி: 2025.09.12

இணைப்புகள்:
தங்கள் கடிதத்தின் நகல்.
பரீட்சகரின் அறிக்கை நகல்.
சுட்ட களிமண் தாடை (1). பார்வையிட்ட பின் இல்மாவிடம் திருப்பித் தரவும்.