ஒரா முள் கிழித்த விரல்

கொழும்பில் பேரனைத் தாலாட்டும் என் அன்புள்ளவளுக்கு,

நீர் மறித்தும் கேளாமல், மயிலிட்டித் துறையில் வலையிலிருந்து மீன் கழற்றப் போனேன். ஒரா மீனின் முள் விரலைக் கிழித்துவிட்டது. மூன்று வாரமாகியும் காயம் மூடவில்லை. அந்தப் புற்றுநோய் வருத்தம் விரலுக்கும் பரவிவிட்டதென்று பயந்துபோனேன்.

இன்று கிளினிக்கில் அந்த இளம் டொக்டர் பிள்ளை ஏசினார். "ஐயா, நீங்கள் தினமும் விழுங்கிற குளிசை புது ரத்தக்குழாயளை முளைக்க விடாது. கட்டிக்குச் சாப்பாடு போகாமல் மறிக்கத்தான் அது. அதாலை காயமும் ஆறச் சுணங்கும். காயம் ஆறுமட்டும் குளிசையை நிப்பாட்டுங்கோ."

பிறகு ஸ்கானைப் பார்த்துச் சிரித்தார். "கட்டி வளரேல்லை."

நம் மீன்பிடிப் போட்டை விலைபேச வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஓம், இனிக் கடல் எனக்கில்லை என்று, உமக்குச் சொல்லாமல்தான் விற்க நினைத்தேன். இரண்டுக்கும் சேர்த்து, பேரன் பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும் வந்து ஏசும்.

விரலில் கட்டோடு,
உம்முடையவன்