கை சுடாத வீடு

அன்புள்ள பெரியவனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, வாயாடி மூன்று பேரும் சுகம். நீயும் சுகமா என்று கேட்டுத்தான் எல்லாக் கடிதமும் தொடங்கும், நீயும் சுகம் என்றுதான் பதில் சொல்வாய். இந்த முறை நான் அதைக் கேட்கவில்லை. காரணம் கீழே இருக்கிறது. கேபினுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி.

போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. நீ கப்பல் மெஸ்ஸில் பத்துப் பேர் நடுவில் நின்று பேசுகிறாய், இங்கே அம்மா ஸ்பீக்கரில் போடுங்கள் என்கிறாள், உன் தங்கை வாயாடி இடையில் புகுந்து எனக்கு என்ன வாங்கினாய் என்கிறாள். அதனால் கடிதம். பக்கத்துத் தெரு ஃபிட்டர் வெள்ளிக்கிழமை அடுத்த துறைமுகத்தில் உன் கப்பலில் ஏறுகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உறையின் வாயில் கஞ்சி தடவி இஸ்திரி வைத்து ஒட்டியிருக்கிறேன், பிரிந்திருந்தால் யாரோ படித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் உன்னைத் திட்டுகிறாள், மூன்றாவது மாடியில் வீடு பார்த்தவன் நீதானே. வாயாடி பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். எப்படி எழுதினாய் என்று கேட்டால் அது பேப்பர் திருத்துகிறவர் அன்றைக்குச் சாப்பிட்டாரா இல்லையா என்பதைப் பொறுத்தது என்கிறாள். வீட்டுச் செய்தி இவ்வளவுதான். இனி அந்த ஹோட்டல் அறை.

மூன்று வாரம் ஆகிறது. மறுநாள் காலை கம்பெனி டாக்டரிடம் உனக்குப் பரிசோதனை, அவர் முத்திரை வைத்தால்தான் ஒன்பது மாத ஒப்பந்தம், கப்பல் சமையற்கட்டு. கம்பெனி உனக்கு மட்டும்தான் அறை போட்டிருந்தது, வழியனுப்புகிறேன் என்று நான் ஒட்டிக்கொண்டு வந்தேன். வரவேற்பில் இருந்த பெண் யார் கப்பலுக்குப் போகிறவர் என்று கேட்டாள். நீ என்னைக் காட்டி, இவர்தான், முதல் தடவை, கொஞ்சம் பயப்படுகிறார் என்றாய். லிஃப்ட் வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தோம். நான்காவது மாடி. ஒரே கட்டில். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக் கிரேன்கள், அவற்றுக்குப் பின்னால் கடல் என்று சொல்லப்பட்ட ஒரு சாம்பல் நிறம். நான் முதலில் விரிப்பைத் தொட்டுப் பார்த்தேன். இருபத்தெட்டு வருடமாக ஆயத்த ஆடை ஃபாக்டரியில் சட்டைக்கு இஸ்திரி போடுகிறவனுக்கு வேறென்ன கண்ணில் படும். அவசரமாகப் போட்டிருந்தார்கள், ஓரம் சுருண்டிருந்தது. உப்புக் காற்றில் துணி எப்போதும் அரை ஈரம். நீ அறையில் இருந்த கெட்டிலில் டீ போட்டாய். கைப்பிடி இல்லாத இரண்டு எவர்சில்வர் டம்ளர். என்னுடையதை விளிம்பில் பிடித்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு நான் கிரேனைப் பார்ப்பதுபோல் நின்றேன். நீ உன்னுடையதை இடது உள்ளங்கையில் முழுக்க அணைத்துப் பிடித்தபடி போன கப்பலில் உங்கள் தலைமைச் சமையல்காரர் உப்பை மறந்த கதையைச் சொன்னாய். கதை முடியும்வரை கையை மாற்றவில்லை. 'நம்ம ரத்தம்டா' என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

பிறகு உன் புதுச் சட்டையைப் பிரித்தோம். காலரிலும் கையிலும் இருந்த குண்டூசிகளை எடுத்து நான் சோப்புக் கிண்ணத்தில் போட்டேன். அறை அலமாரியில் இருந்த இஸ்திரிப்பெட்டி பொம்மை மாதிரி சின்னது. சூடே ஏறவில்லையே அப்பா என்று சொல்லி இடது கையின் சுண்டுவிரல் பக்கத்தை அதன் அடித்தட்டில் வைத்தாய். இஸ்திரிக்காரர்கள் எல்லோரும் சூடு பார்ப்போம். விரலை நாக்கில் நனைத்து ஒரு தட்டு, பட்டதும் எடுத்துவிடுவோம். நீ வைத்தாய். எடுக்கவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. நான்தான் உன் கையைத் தட்டிவிட்டேன். தோல் வெளுத்திருந்தது. ஒரு வாடை, அது எனக்குத் தெரிந்த வாடை. நீ அந்தக் கையைப் பார்த்தாய், அறையில் முன்பு தங்கியவர் யாரோ விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல். சுட்டுச்சாடா என்று கேட்டேன். 'நமக்கு எங்கப்பா சுடும்' என்றாய். சட்டையை முடித்தேன். காலர் சரியாக வரவில்லை, கவனித்திருப்பாய்.

நீ தூங்கிய பிறகு நான் செய்யக்கூடாத காரியம் செய்தேன். குளியலறை விளக்கைப் போட்டுக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, சோப்புக் கிண்ணத்திலிருந்து ஒரு குண்டூசியை எடுத்துக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டைவிரலில் லேசாகத் தொட்டேன், இழுத்துக்கொண்டாய். ஆள்காட்டி விரல், இழுத்துக்கொண்டாய். நடுவிரல், முனகினாய். மோதிர விரல். ஒன்றும் இல்லை. சுண்டுவிரல். ஒன்றும் இல்லை. உள்ளங்கையின் வெளி ஓரம், மணிக்கட்டுவரை, ஒன்றும் இல்லை. அழுத்திக் குத்தினேன், ரத்தம் ஒரு பொட்டு வந்து விரிப்பில் விழுந்தது. உன் மூச்சு மாறவில்லை. பனியனோடு படுத்திருந்தாய், முழங்கைக்கு மேலே நாலு சட்டைப் பொத்தான் சேர்ந்த அளவுக்குத் தோல் வெளிறியிருந்தது. தேமல் என்று நினைத்தேன். அதிலும் குத்திப் பார்த்தேன். பெற்ற பிள்ளையை ஊசியால் குத்திவிட்டு, அவன் அழவேண்டும் என்று காத்திருக்கிற தகப்பன் உலகத்தில் இருப்பானா. நான் இருந்தேன். விடியும்வரை கிரேன் விளக்கு ஒன்று எரிவதும் அணைவதுமாக இருந்தது.

காலையில் விரிப்பில் இருந்த பொட்டைப் பார்த்துவிட்டு கொசு என்றாய். ஆமாம் என்றேன். கையில் கொப்புளம் எழும்பியிருந்தது, மேலே பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டாய். டாக்டர் அறைக்கு வெளியே உட்கார இடமில்லாததால் என்னையும் உள்ளே விட்டார்கள். எடை பார்க்கும் கருவிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அவர் கண் பார்த்தார், காது பார்த்தார், பிளாஸ்திரியைப் பார்த்தார். கெட்டில் ஆவி பட்டுவிட்டது என்றாய். கை மரத்துப்போவது, உணர்ச்சி குறைவது ஏதாவது உண்டா, சமையற்கட்டு வேலை, மறைக்கக்கூடாது என்று கேட்டார். இல்லை என்று அவருக்குச் சொன்னாய், சொல்லும்போது என்னைப் பார்த்தாய். அப்போதுதான் எனக்கு விளங்கியது. உனக்கு முன்பே தெரியும். எவ்வளவு நாளாக என்று தெரியவில்லை, ஆனால் தெரியும். டாக்டர் உணர்ச்சி பார்க்கத் தட்டிலிருந்து ஒரு சின்னத் தூரிகையை எடுத்தார். உன் கையை நீட்டச் சொன்னார். அந்த நேரத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். 'எங்க வீட்டு ஆளுங்களுக்குக் கையே சுடாது டாக்டர், பரம்பரை' என்றேன். அவர் சிரித்தார். தூரிகையைத் தட்டில் திரும்பப் போட்டார். முத்திரை வைத்தார். அந்த முத்திரைச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, மிஷின் நீராவி சீறும்போதுகூட அதுதான் கேட்கிறது.

துறைமுக வாசலில் வலது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, காப்பாற்றிவிட்டீர்கள் அப்பா என்றாய். பஸ்ஸில் வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எதைக் காப்பாற்றினேன். ஒன்பது மாதச் சம்பளத்தையா, உன்னையா.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஃபாக்டரி நர்ஸம்மாவிடம், கூட வேலை செய்கிறவரின் பையன் என்று சொல்லி விவரம் கேட்டேன். எந்த விரல்கள் என்று கேட்டு எழுதினார். உடம்பில் வெளிறின தேமல் ஏதாவது உண்டா, அதில் உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். சொன்னேன். பேனா நின்றுவிட்டது. ஒரு பேரைச் சொன்னார். இங்கே அதை எழுதாமல் தாண்டிவிடலாம் என்று முதலில் நினைத்தேன், ஆனால் எழுதாமல் விடுவதும் டாக்டர் அறையில் நான் செய்த அதே வேலைதான். தொழுநோயாக இருக்கலாம் என்றார். வேறு நரம்புக் கோளாறாகவும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும் என்றார். அவர் தண்ணீர் கொடுத்துவிட்டு ஏதோ சளி, காய்ச்சல் பற்றிச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார். இப்போது மாத்திரை இருக்கிறது, ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் குணமாகும், சாப்பிட ஆரம்பித்துவிட்டால் மற்றவர்களுக்குப் பரவாது, யாரையும் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. ஆனால் நாளைக் கடத்தினால் விரல் மடங்கிக்கொள்ளும், மடங்கிய விரலை மாத்திரை நிமிர்த்தாது. எழுந்து வரும்போது, கூட வேலை செய்கிறவரின் பையனா, உங்கள் பையனா என்று கேட்டார். மிஷின் சூடாகியிருக்கும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீ செய்ய வேண்டியது இது. ஃபிட்டர் ஏறும் துறைமுகத்தில் உங்கள் கப்பல் மூன்று நாள் நிற்கும் என்று அவர் சொன்னார். மருந்துப் பெட்டிக்குப் பொறுப்பான அதிகாரியிடம் போய்க் கையை நீட்டு. தேமலையும் காட்டு. கரையில் டாக்டரிடம் அனுப்பச் சொல். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுவாய். அனுப்பட்டும். மூன்றாவது மாடிதான், படியேறி வந்துவிடு. ஞாயிறு இரவுவரை உன் போனுக்குக் காத்திருப்பேன். அம்மா பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, காட்டிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்குப் புரியும். போன் வராவிட்டால் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அந்தக் கம்பெனி டாக்டரிடம் போகிறேன். விடுப்பு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இது மிரட்டல் இல்லை. அவருடைய மேஜையில் நான் வைத்துவிட்டு வந்த பொய்யை நானே போய் எடுத்துக்கொள்ள வேண்டும், வேறு யாரும் எடுக்க முடியாது. அதற்குப் பிறகு நீ என்னோடு பேசாமல் இருக்கலாம். பேசாத பிள்ளைக்குப் பத்து விரலும் நேராக இருந்தால் எனக்கு அது போதும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. உனக்கு ஏழு வயது. சோற்றுப் பானை மூடியைத் தொட்டுவிட்டு அழுதாய். நான் உன்னை மடியில் வைத்து, நம்ம வீட்டு ஆம்பளைக்குக் கை சுடாதுடா என்று சொல்லி, அடுப்பிலிருந்து இறக்கிய அந்த மூடியை வெறுங்கையால் எடுத்துப் பத்து எண்ணும்வரை பிடித்துக் காட்டினேன். நீ அழுகையை நிறுத்தினாய். அன்றிலிருந்து நீயும் பிடிக்கப் பழகினாய், சொந்தக்காரர்கள் வந்தால் நம் இருவரையும் பிடிக்கச் சொல்லி வேடிக்கை பார்ப்பார்கள். எல்லா வீட்டிலும் சுட்டால் கத்துவார்கள், நம் வீட்டில் சுட்டால் சிரிக்க வேண்டும். அதனால்தான் உன் கையில் உணர்ச்சி போனபோது முதலில் உனக்கே அது நோயாகத் தெரிந்திருக்காது, அப்பாவின் கை வந்துவிட்டது என்று நினைத்திருப்பாய். அறையில் நீ டம்ளரைப் பிடித்திருந்தபோது எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பெரியவனே, எனக்குச் சுட்டது. மூடியைப் பிடித்த அன்றைக்கு நீ தூங்கியபின் வாளித் தண்ணீரில் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் சுட்டது. இருபத்தெட்டு வருடத்தில் சுடாத நாள் ஒன்றுகூட இல்லை. சுடாத கை என்று நம் வம்சத்தில் யாருக்கும் இருந்ததில்லை, சொல்லாத வாய்தான் இருந்தது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா டீ கொண்டுவந்தாள். இத்தனை வருடமாக எனக்கு மட்டும் ஆற்றித்தான் கொடுப்பாள், ஏன் என்று நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இன்றைக்கு ஏதோ ஞாபகத்தில் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்துவிட்டாள். வாங்கினேன். உடனே கீழே வைத்துவிட்டு, சுடுது என்றேன். வாய்விட்டு. அவள் டம்ளரை எடுத்துப்போய் ஆற்றிக்கொண்டு வந்து வைத்தாள். யாருக்குக் கடிதம் என்றாள். உனக்கு என்றேன். அவ்வளவு பெரிய கடிதமா என்றாள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபிறகு அவளுக்கும் சொல்லிவிடுவேன். சொல்லும்போது நீயும் போனில் இருந்தால் நல்லதுதான்.

அதுவரை ஞாபகம் வைத்துக்கொள்: சூடு பார்ப்பது வலது கையால் மட்டும். எண்ணெய்ச் சட்டியை இடது கையால் தொடாதே. கத்தி பிடித்தால் கையைப் பார்த்துக்கொண்டே வெட்டு, கதை சொல்லிக்கொண்டு வெட்டாதே. படுக்கும் முன் இரண்டு கையையும் இரண்டு காலையும் விளக்கில் திருப்பித் திருப்பிப் பார், வலிக்காத காயத்தைக் கண்தான் கண்டுபிடிக்க வேண்டும். நீ நூறு வருடம் இருக்க வேண்டும், பத்து விரலோடு. என் ஆசீர்வாதமும் அம்மாவின் ஆசீர்வாதமும் எப்போதும் உன்னோடு. ஞாயிறு இரவு போன் என் கையில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
கை சுடுகிற உன் அப்பா