ஓரம் வெட்டிய புத்தகம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அம்மாவின் எம்பிராய்டரி புத்தகம் தாள் தாளாகக் கழன்று கிடந்தது. அக்காவிடம் கேட்காமலே நான் வேலை பார்க்கும் பிரஸ்ஸுக்கு எடுத்துப்போய் பைண்டிங் போட்டேன். மடங்கிக் கறுத்திருந்த ஓரங்களை கட்டிங் மெஷினில் கொடுத்து மூன்று பக்கமும் வெட்டினேன். புதுப் புத்தகம் மாதிரி ஆகிவிட்டது.

சாயங்காலம் கொடுத்தேன். அக்கா நாலு பக்கம் புரட்டினாள்.

"ஏலே, ஓரத்துல அம்மா எழுதுனதெல்லாம் எங்க?"

"என்ன எழுதுச்சு?"

"எந்தப் பூவுக்கு என்ன கலரு, எத்தன இழைன்னு பென்சில்ல எழுதி வச்சிருந்துச்சேலே."

போன வருஷம் அம்மா இறந்தபோது பாதியில் நின்ற கோயில் பீடத்துணியை அக்காதான் முடிக்கிறாள். அம்மாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு அதைப் பீடத்தில் விரிக்க வேண்டும். இன்னும் ஐந்து பூ பாக்கி. அவற்றுக்கு அம்மா நினைத்திருந்த கலர் அந்த ஓரத்தில் மட்டும்தான் இருந்திருக்கிறது.

பைக்கில் பிரஸ்ஸுக்கு ஓடினேன். வெட்டுத்தாள் லோடு மத்தியானமே போய்விட்டதாக வாட்ச்மேன் சொன்னார். தினமும் தாளோடு கிடக்கிறவன் நான். அச்சடித்ததை மட்டும் பார்த்தேன். மார்ஜினை வெறும் தாள் என்று நினைத்துவிட்டேன்.

நான் திரும்பி வந்ததும் அக்கா, "பைண்டிங் நல்லாத்தாம்ல இருக்கு. சாப்புடு" என்றாள். திட்டியிருக்கலாம்.

இப்போது ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டேன். ஒரே ஒரு பக்கத்தில் பிளேடுக்குத் தப்பி அம்மாவின் எழுத்து நிற்கிறது. 'ரெண்டு இழை போதும்.' அதற்கு முன்னால் என்ன கலர் என்று எழுதியிருப்பாள். அது போய்விட்டது.