பிரித்துத் தைத்த ஸ்டாக்கிங்ஸ்

தி. நகர் தையல்காரர் ஹனீஃபா, தூங்கும் மனைவியின் கணுக்காலையும் ஆடுசதையையும் டேப்பால் அளந்துகொண்டு, பில் தாளில் எழுதினார்:

"ஜஹனாரா, கால் வீங்குறதுக்கு முன்னாடியே அளக்கணுமாம், அதான் எழுப்பல. வீக்கத்துக்கு டாக்டர் சொன்ன புது ஸ்டாக்கிங்ஸ் வாங்கினு வரேன். ஹாட்பாக்ஸ்ல இட்லி கீது.

நேத்து டாக்டர், 'வெந்நீர்ல துவைச்சு லூசாக்கிட்டீங்களா'ன்னு உன்னைத் திட்டினப்போ நான் வாயே திறக்கல. இறுக்குதுன்னு நீ அழுததைத் தாங்காம, பழசைப் பிரிச்சு லூசாத் தைச்சது நான்தான். அந்த இறுக்கம்தான் வைத்தியம்னு தெரியாமப் போச்சு."

கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் கேட்கவில்லை. அடியில் நெருக்கி எழுதினார்:

"புதுசும் இறுக்கும். நீ அழுவ. முப்பது வருஷமா இறுக்குதுன்னு வந்தவங்களுக்குப் பிரிச்சு விட்டே பழகின கை இது. கத்தரிக்கோலை பீரோவுல வெச்சுப் பூட்டிடு. சாவியை என் கண்ணுல காட்டாதே."