படகுக்காரியின் அம்மா

மார்ச் 3

அன்புள்ள வாத்தியாருக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதற வேண்டாம். எல்லோரும் நலம். உங்கள் மச்சினி வங்கிக்குப் போகிறாள், வருகிறாள், மிச்ச நேரத்தில் என்னை அதட்டுகிறாள். எனக்குத்தான் தொண்டை. உள்ளே கடுகளவு ஒரு கட்டி. போன வியாழக்கிழமை எடுத்துவிட்டார்கள். கெட்ட கட்டி இல்லையாம். ஆனால் மூன்று வாரம் வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த உங்கள் மச்சினி என்ன சொன்னாள் தெரியுமா? "இதை ஒரு இருபது வருஷம் முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கலாமே டாக்டர்!"

ஒரு சிலேட்டு வாங்கித் தந்திருக்கிறாள். நான் பதிலடியை எழுதி முடிப்பதற்குள் அவள் அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். அன்றிலிருந்து ஒரு சண்டையில்கூட நான் ஜெயிக்கவில்லை. அந்த ஆற்றாமையில்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். பதினொரு வருஷமாக வருஷத்துக்கு ஒரு அட்டை, அதில் மூன்று வரி என்று ஓட்டிவிட்டோம். இப்போது என்னிடம் நேரமும் காகிதமும் நிறைய இருக்கின்றன.

சும்மா படுத்திருந்தால் பழசெல்லாம் வருகிறது. நேற்று முழுக்க என் முதல் நாடகத்தின் அந்தச் சந்தைக் காட்சிதான். எனக்குப் பத்தொன்பது வயது. கூடையோடு நிற்கும் ஏழு பெண்களில் நான் கடைசி. கூடை கவிழ்ந்து எலுமிச்சம்பழம் எல்லாம் உருண்டு மேடைக்குக் கீழே நீங்கள் உட்கார்ந்திருந்த வாத்தியக் குழிக்குள் விழுந்ததே! நீங்கள் ஒரு கையால் பியானோ வாசித்துக்கொண்டே மறு கையால் ஒன்றை மேலே எறிந்தீர்கள். நான் பிடித்துவிட்டேன். அரங்கமே கைதட்டியது. மறுநாளிலிருந்து தினமும் அப்படியே செய்யச் சொல்லிவிட்டார் இயக்குநர். குரலால் முன்னுக்கு வந்தவள் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுகிறார்கள். எலுமிச்சம்பழத்தால் வந்தவள் என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

ஒரு செய்தி. நம் 'படகுக்காரி' நாடகம் போட்டு இருபது வருஷம் ஆகிறது. மே மாதம் மறுபடி மேடையேற்றுகிறார்கள். கம்பெனி முதலாளியம்மா வீட்டுக்கே வந்து, "படகுக்காரின்னா நீதாம்மா. உன் தொண்டை ஆறட்டும், நாங்க காத்திருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்பத்தெட்டு வயதில் துடுப்புப் போட வேண்டும். சிரிக்காதீர்கள்.

இப்படிக்கு,
வாய் கட்டப்பட்ட வாயாடி


மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. நாலு பக்கம். நாலு தடவை படித்தேன்.

டாக்டர் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். மனசுக்குள்ளும் பாடாதே. மனசுக்குள் பாடினாலும் தொண்டை அசையும். நீ பாடாமல் இருக்க மாட்டாய் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். வெந்நீர் குடி. காரம் வேண்டாம்.

இங்கே ஒன்றும் குறைவில்லை. பள்ளிக்கூடத்தில் வாரம் நாலு நாள் பாட்டு வகுப்பு. முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்துவார்கள், நான் கையை ஆட்டுவேன். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் டயர் வாசம். பழைய பியானோ ஒன்றை மாடிக்கு ஏற்ற ஆறு பேர் வேண்டியிருந்தது. அதனால் வீடு மாறும் எண்ணம் இந்த ஜென்மத்தில் இல்லை.

சிரிக்கவில்லை. நீ துடுப்புப் பிடிக்கும் அழகு எனக்குத் தெரியும்.

மச்சினிக்கு என் விசாரிப்பு. அவள் சொன்னது சரிதான்.

அன்புடன்,
வாத்தியார்


மார்ச் 26

அன்புள்ள வாத்தியாருக்கு,

வாய் திறந்தாயிற்று. முதலில் சொன்ன வார்த்தை "காபி".

பேச்சு நன்றாகவே இருக்கிறது. கீழ்க்குரல் முன்னைவிடக் கனமாக, வெல்லப்பாகு மாதிரி இறங்குகிறது. மேலேதான் சிக்கல். மாடிப்படி மாதிரி ஸ்வரம் ஸ்வரமாக ஏறிப் போனால் கடைசி மூன்று படிகளைக் காணோம். டாக்டரிடம் கேட்டேன். "இருக்கறத வச்சுச் சந்தோஷமாப் பாடுங்க. இல்லாததைத் தேடி இழுத்தீங்கன்னா இருக்கறதும் போயிடும்" என்றார்.

இரண்டாம் அங்கத்தில் வரும் அக்கரைப் பாட்டை நினைத்துப் பாருங்கள். அதன் உச்சியே அந்த மூன்று படிகளில்தானே இருக்கிறது? ஒத்திகையில் சிட்டு பாடிக் காட்டினாள். சிட்டு என்பது எனக்கு மாற்றாக வைத்திருக்கும் பெண். இருபத்துநாலு வயது, நல்ல பிள்ளை. அந்த உச்சியைத் தூசி தட்டுகிற மாதிரி தட்டிவிட்டுப் போகிறாள். இயக்குநர் என் பக்கம் திரும்பாமலே, "அக்கா, நீங்க வேணா படகுக்காரியோட அம்மா பண்றீங்களா?" என்றார். அந்த அம்மா யார் என்று நினைவிருக்கிறதா? முழு நாடகத்தில் நாலு வசனம், ஒரு இருமல். நான் கேட்காத மாதிரி கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டேன்.

உங்களிடம் ஒரு உதவி. அந்தப் பாட்டு நீங்கள் போட்டது. அதை மூன்று படி இறக்கி, வாத்தியக்காரர்களுக்கும் சேர்த்து எழுதித் தருவீர்களா? வேறு யாரிடமும் கேட்க எனக்கு மனசு வரவில்லை. நீங்களே செய்தால் வெளியே தெரியாது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
வாயாடி


ஏப்ரல் 1

அன்புள்ள வாயாடிக்கு,

தேதியைப் பார்த்து விளையாட்டு என்று நினைக்காதே.

நாலு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். மூன்று படி இறக்கினால் அது அந்தப் பாட்டு இல்லை. அவள் அக்கரைக்குப் போகிறேன் என்று பாடும்போது குரல் தரையை விட்டுக் கிளம்ப வேண்டும். இறக்கினால் அவள் கரையிலேயே உட்கார்ந்து ஊருக்குப் போவதைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கிறது. கேட்பவர்கள் மரியாதைக்குக் கைதட்டுவார்கள். மரியாதைக்குத் தட்டும் கைதட்டலை நீ இதுவரை வாங்கியதில்லை. உனக்கு அது தாங்காது.

சிட்டு பாடட்டும். நீ அந்த அம்மாவைச் செய்.

வாத்தியார்


ஏப்ரல் 5

வாத்தியார் அவர்களுக்கு,

நன்றி. நீங்கள் மாறவே இல்லை.

பதினொரு வருஷத்துக்கு முன்னாலும் இதேதான். ஒத்திகை நடுவில் பியானோவை நிறுத்திவிட்டு, இருபது வாத்தியக்காரர்கள் முன்னால், "சுருதி இறங்குது. திருப்பிப் பாடு" என்றீர்கள். மூன்று தடவை. என் சுருதி இறங்கவே இல்லை என்று அத்தனை பேருக்கும் தெரியும். வேலையை விட்டீர்கள், வீட்டை விட்டீர்கள். இவளோடு வாசிக்க முடியாது என்றுதானே போனீர்கள்?

அன்றைக்காவது என் குரல் நன்றாக இருந்தது. இப்போது இல்லாத நேரம் பார்த்து மறுபடியும் "இறங்காதே" என்கிறீர்கள். ஒரு உதவிதான் கேட்டேன், தீர்ப்புக் கேட்கவில்லை.

இனி எழுதித் தொந்தரவு செய்யமாட்டேன்.


ஏப்ரல் 17

அன்புள்ள வாயாடிக்கு,

நீ எழுதாவிட்டாலும் நான் எழுத வேண்டியது ஒன்று பாக்கி. பதினொரு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அன்று உன் சுருதி இறங்கவில்லை. என் காதுதான் இறங்கியிருந்தது. மேல் ஸ்வரங்கள் எனக்குக் கோணலாகக் கேட்க ஆரம்பித்து அப்போதே நாலு மாதம். மூன்றாவது தடவை நிறுத்தியபோது நீ, "முதல்ல உங்க காதைக் காட்டிட்டு வாங்க" என்று கத்தினாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் முந்தின வாரமே காட்டியிருந்தேன். இடது காது சீக்கிரமும் வலது காது மெதுவாகவும் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். கோபத்தில் நீ சொன்னதுதான் உண்மை. அதை உன் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. கோபித்துக்கொண்டு போகிறவன் மாதிரி போவது சுலபமாக இருந்தது. உன்னை விட்டுப் போகவில்லை. காது கேட்காத வாத்தியாரை நீ பார்க்கக் கூடாது என்று போனேன். முட்டாள்தனம்தான்.

இப்போது இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது பக்கம் வந்து நின்று பேசினால் கேட்கும். பிள்ளைகளுக்கு அது தெரியும், குறும்பெல்லாம் இடது பக்கத்தில்தான்.

ஆகவே அக்கரைப் பாட்டைப் பற்றி நான் சொன்னது காதால் கேட்டுச் சொன்னதில்லை. தாளில் பார்த்துச் சொன்னது. தாள் பொய் சொல்லாது.

இத்துடன் ஒரு பாட்டு வைத்திருக்கிறேன். படகுக்காரியின் அம்மாவுக்கு. மகள் போன பிறகு அவள் தனியாகப் பாத்திரம் கழுவுகிறாள், அழுகை வெளியே கேட்காதபடி சத்தமாக. அவ்வளவுதான் காட்சி. உன்னிடம் இப்போது இருக்கும் குரலுக்குள்ளேயே முழுப் பாட்டும் அடங்கும். பியானோ மரத்தில் தாடையை அழுத்திக்கொண்டு எழுதினேன், எலும்பு வழியாகக் கேட்டது. பிடிக்கவில்லையென்றால் கிழித்துவிடு. இயக்குநரிடம் என் பெயரைச் சொல்லாதே.

வாத்தியார்


மே 23

அன்புள்ள வாத்தியாருக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் நான் ஒன்றும் செய்யவில்லை. திருப்பித் திருப்பிப் படித்தேன். உங்கள் மச்சினி பிடுங்கிப் படித்துவிட்டு, "காது கேக்காத மனுஷனும் வாய் மூடாத பொம்பளையும். இதைவிட நல்ல ஜோடி எங்க கிடைக்கும்? பதினோரு வருஷத்தை வீணாக்கிட்டீங்களே!" என்று சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அன்று எல்லோரையும் சிரிக்க வைத்த அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதை நேரில் உங்கள் வலது பக்கம் நின்று கேட்க வேண்டும்.

பிறகுதான் பாட்டைப் பிரித்தேன்.

பாத்திரம் கழுவுற சத்தம்டி இது,
பக்கத்து வீட்டுக்குப் புரியாது.

இந்த இரண்டு வரியைப் படித்ததும் இயக்குநரிடம் ஓடினேன். உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். மன்னிக்கவும், நான் வாயாடி. அவர் பாட்டைப் பார்த்துவிட்டு, "வாத்தியார் உயிரோடதான் இருக்காரா!" என்றார். படகுக்காரி உடுப்பை நானே சிட்டுவுக்குப் போட்டுவிட்டேன். இடுப்பில் நாலு விரல் உள்ளே பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. என் இருபத்தெட்டு வயது இடுப்பும் அவள் இடுப்பும் ஒன்று என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன். அவள், "அக்கா, உங்க பாட்டைக் கெடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு" என்றாள். "கெடு. அப்புறம் உன் பாட்டா ஆக்கிக்க" என்றேன். சொன்ன பிறகு மனசு லேசாகிவிட்டது.

நேற்று முதல் காட்சி, பகலில். சிட்டு அக்கரைப் பாட்டில் மேலே கிளம்பியபோது நான் திரைக்குப் பின்னால் ஈரத்துணியோடு நின்றிருந்தேன். உங்கள் தாள் சொன்னது சரி. பிறகு என் காட்சி. முதல் பாத்திரத்தை நங்கென்று வைத்ததும் ஒரே சிரிப்பு. இரண்டாவது பாத்திரத்துக்கும் சிரித்தார்கள். மூன்றாவதில் சிரிப்பு நின்றுவிட்டது. பாட்டு முடிந்த பிறகும் யாரும் கைதட்டவில்லை. நான் இன்னொரு பாத்திரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். பிறகு தட்டினார்கள் பாருங்கள், சிட்டு அடுத்த வசனத்தைச் சொல்ல முடியாமல் படகிலேயே நின்றுகொண்டிருந்தாள். இருபத்தொன்பது வருஷத்தில் நான் இப்படி ஒன்று வாங்கியதில்லை.

வரும் ஞாயிறு பகல் காட்சிக்கு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். வலது காது மேடைப் பக்கம் இருக்கிற மாதிரி, இடது ஓரத்து இருக்கை. வாருங்கள்.

வாயாடி


ஜூன் 1

அன்புள்ள வாயாடிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் நல்ல இடம் கிடைத்தது.

மூன்றாவது அடியில் நீ கொஞ்சம் அவசரப்படுகிறாய். மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்கிற மாதிரி இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் கைக்குட்டை கொடுத்தார், திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். ஒப்பனையறையில் ஏழு பேர் ஒரே சமயத்தில் பேசினார்கள். எனக்கு எதுவும் புரிபடவில்லை. நான் கிளம்பும்போது நீ என்னவோ கேட்டாய். இடது பக்கம் நின்று கேட்டாய். நான் தலையாட்டிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், உன் தங்கை என் முதுகில் தட்டினாள். எதற்குச் சம்மதித்தேன் என்று தயவுசெய்து எழுது.

வாத்தியார்


ஜூன் 5

அன்புள்ள வாத்தியாருக்கு,

"திங்கட்கிழமை காட்சி இல்லை. ஞாயிறு பகல் காட்சி முடிந்ததும் ரயிலேறி வாராவாரம் அங்கே வந்துவிடட்டுமா?" என்று கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை, அவ்வளவு வேகமாகத் தலையாட்டினீர்கள். உங்கள் மச்சினியையும் சேர்த்து எட்டுச் சாட்சிகள் இருக்கிறார்கள். பின்வாங்குவதாக இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள், டிக்கெட் எடுக்க வேண்டும்.

அங்கே தலையணை எத்தனை இருக்கிறது?

வாயாடி


ஜூன் 8

அன்புள்ள வாயாடிக்கு,

ஒன்று. உன்னுடையதைக் கொண்டு வா. போகும்போது அது இங்கேயே இருக்கட்டும்.

வாத்தியார்