கயிற்றை யார் பிடித்தது?

தூத்துக்குடி
1945 ஆவணி

மலை மலையாகச் சுற்றுகிற என் வீட்டுக்காரருக்கு,

அங்கே சண்டை முடிந்து மூன்று மாதம் ஆகிறது. பட்டாளத்திலிருந்து நீங்கள் போட்ட நாலு கடிதத்திலும் இத்தாலி மலையருவிதான் கொட்டுகிறது. நானோ இங்கே அரைக்குடம் நல்ல தண்ணீருக்குக் காலையெல்லாம் நிற்கிறேன். ஊருக்கு வரும் தேதி மட்டும் ஒன்றிலும் இல்லை.

இப்போது, அருவி விழும் கிடுகிடு பள்ளத்தில் இடுப்பில் கயிறு கட்டி இறங்கினீர்களாம். மேலே பிடித்தது யாரோ ஒரு மலைக்காரனாம். புத்தி இருக்கிறதா உங்களுக்கு? சங்கு குளிக்க நீங்கள் கடலுக்குள் இறங்கினால் கயிற்றை என் தம்பிதானே பிடிப்பான்? அக்காள் தாலியை நினைத்து அவன் கை தளர விடமாட்டான். அந்த மலைக்காரனுக்கு நான் யார்?

கடிதத்தைத் தம்பி சந்தியாகுவுக்கு வாசித்துக் காட்டினேன். "மச்சான் வேற ஆளு கையில கயித்தக் குடுத்துட்டாவளாக்கா?" என்றான். நீங்கள் போனதிலிருந்து வேறு யாருக்கும் கயிறு பிடிக்க மாட்டேன் என்று உப்பளத்தில் கூலிக்குப் போகிறவன் அவன். இன்று உங்கள் பழைய கயிற்றை எடுத்து நனைத்து, இழுத்து இழுத்துப் பார்க்கிறான். சோறும் இறங்கவில்லை.

கப்பல் தேதியை உடனே எழுதுங்கள். தம்பிக்காகத்தான் கேட்கிறேன். எனக்கென்ன அவசரம்?

இப்படிக்கு,
கயிறு பிடிக்கிறவனின் அக்காள்