சாலம்மாள் தானே நீட்டிய கால்

சூரமங்கலம்

அன்பு மகன் ஜெயபிரகாஷுக்கு, ஆண்டவர் தயவில் அப்பாவும் நானும் சத்யபிரியாவும் நலம், தோஹா வெயிலில் நீயும் நலமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்து, சாயங்காலம் ஜங்ஷன் வரை நடந்துவிட்டு வருகிறார்.

நீ போனில் சொன்னதற்கு எழுத்தில் பதில் தருகிறேன், போனில் நீ என்னை முடிக்க விடுவதில்லை. சத்யபிரியா நர்ஸ் வேலையை விட்டுவிட்டு தோஹாவுக்கு வர வேண்டும், நான் முடிவெடுத்துவிட்டேன், மனைவி கீழ்ப்படிய வேண்டுமென்று வேதத்தில் இருப்பதை மாமியாராக நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள் என்றாய். சொல்ல மாட்டேன், சாமி. அவளை ஒரு வார்த்தை கேட்டாயா? அப்பாவிடம் சொன்னால், உம்மவன் பச்சைக்கொடி காட்டிட்டான், வண்டியில ஆள் ஏறுச்சான்னுதான் பாக்கல என்று சிரிக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ காட்டும் வசனத்துக்கு முன்னாலேயே ஒருவருக்கொருவர் பணியச் சொல்லியிருக்கிறது, பின்னாலேயே கணவன் தன்னையே கொடுக்க வேண்டும் என்றிருக்கிறது. நடுவில் இருப்பதை மட்டும் எழுதிய விடைக்குப் பள்ளிக்கூடத்தில் நான் என்றைக்கும் மதிப்பெண் போட்டதில்லை.

இந்தப் பெரிய வியாழன் ஆராதனையில், இயேசு சீஷர்களின் காலைக் கழுவியதுபோல் போதகர் சபையாரின் காலைக் கழுவ, என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நாங்களெல்லாம் வீட்டிலேயே குதிகால் வரை தேய்த்துக் கழுவிவிட்டுப் போய் உட்கார்ந்திருந்தோம், போதகருக்கு வேலையே வைக்கவில்லை. கோயில் பெருக்கும் சாலம்மாள் மட்டும் செடிக்குத் தண்ணீர் விட்ட சேற்றுக் காலோடு நேரே வந்துவிட்டாள். போதகர் முழங்காலிட்டதும், வேண்டாமுங்க ஐயா, சேறுங்க, நானே கழுவிக்கறேனுங்க என்று காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அவர் நினைத்திருந்தால், நீட்டு என்று சொல்லியிருக்கலாம், சபையே அவர் சொல்லுக்கு எழுந்து உட்காருகிறது. சொல்லவில்லை, காலைப் பிடித்து இழுக்கவுமில்லை. தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிடித்தபடி தலைகுனிந்து காத்திருந்தார். பாட்டு முடிந்து கோயிலே அமைதியான பிறகு அவளாகவே காலை நீட்டினாள். அதிகாரமும் கீழ்ப்படிதலும் எனக்கு அன்றைக்குப் புரிந்த மாதிரி என்றைக்கும் புரிந்ததில்லை.

சத்யபிரியாவுக்கு அங்கே வரவும் மனமிருக்கலாம், இங்கே இருக்கவும் மனமிருக்கலாம். ஃபேர்லேண்ட்ஸ் ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி முடிந்து ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவாள். அப்போது கூப்பிடு, அவளைக் கேள், பதில் வரும்வரை பொறுத்திரு. அம்மா என்ற முறையில் இதை நான் கட்டளையாகவே போடலாம், நீயும் மீற மாட்டாய். போடவில்லை. கேட்டுக்கொள்கிறேன், காத்திருக்கிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக. மோர் குடிக்க மறக்காதே.

உன் அம்மா,
கலைமணி